தேனியில் ஒரு சம்சாரம்

சித்திரை பிறந்த கையோடு ஒரு நாள் காலையில், உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. எனக்குப் பெண் பேசி முடித்திருந்த தேனிப் பாத்திரக்கடையில் அண்டா குண்டா ஏற்றுகிற ஆட்டோ. டிரைவர் இறங்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, துணியில் கட்டிய ஒன்றை அம்மாவிடம் கொடுத்தார்.

"கடையில கொடுக்கச் சொன்னாக."

"என்னன்னு சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. கொடுத்துட்டு நிக்காம வந்துரச் சொன்னாக."

அம்மா முடிச்சை அவிழ்த்தாள். பெண்ணுக்குப் பூ வைக்கப் போனபோது நாங்கள் பழமும் மஞ்சளும் அடுக்கிக் கொண்டுபோன எவர்சில்வர் தாம்பாளம். நன்றாகத் தேய்த்துக் கழுவி, துடைத்து, ஒரு வெற்றிலைகூட இல்லாமல் வந்திருந்தது. வெறும் தாம்பாளம் திரும்பி வந்தால் சம்பந்தம் முறிந்துவிட்டது என்று அர்த்தம். வாய் திறந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு ஓடிவந்து பார்த்தேன். தாம்பாளத்தில் என் முகம் அப்படியே தெரிந்தது.

"ஏலே, என்னலே செஞ்சு தொலைச்ச?" என்றாள் அம்மா.

"நான் ஒண்ணும் செய்யலம்மா."

"ஒண்ணும் செய்யாமயா இப்படித் தேச்சுக் கழுவி அனுப்புவாக?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கிறது என்ற செய்தி அப்போது தேனியில் பாதிப் பேருக்குத் தெரியும். எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

இந்தத் தொடரில் வாராவாரம் ஸ்பிரேயர் மெஷினையும் ஏலத்தோட்டத்து அட்டைப்பூச்சியையும் பற்றியே எழுதுகிறீர்களே, கல்யாணக் கதை எப்போது என்று வாசகர்கள் சிலர் கேட்கிறார்கள். அதற்கு வீட்டில் அனுமதி வாங்க இத்தனை வாரம் பிடித்தது. யாரிடம் வாங்கினேன் என்பதை இப்போதே சொன்னால் கதை கெட்டுப்போகும்.

கரண்டியில் பெயர் வெட்டச் சொன்னவன்

மலைமேல் ஏலத்தோட்டங்களில் மருந்தடிக்கிற ஸ்பிரேயர்களை விற்பதும் பழுது பார்ப்பதும் அப்போது என் வேலை. கம்பெனி ஆபீஸ் தேனியில். வாரம் முழுக்கக் குமுளியில் தங்கித் தோட்டம் தோட்டமாக ஜீப்பில் தொங்கிக்கொண்டு போவேன். சனிக்கிழமை தேனிக்கு இறங்கி ஆபீஸில் தலையைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வருவேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை டிபன் கேரியர் வாங்கலாம் என்று கடைவீதியில் ஒரு பாத்திரக்கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் முதலாளி செல்லையா. தடித்த கண்ணாடி, நெற்றி நிறையத் திருநீறு, சிரிப்பே இல்லாத முகம். அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் அவர் மகள் குனிந்து உட்கார்ந்து, ட்ர்ர்ர் என்று மெஷினை வைத்துப் பாத்திரங்களில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பேரு?" என்றாள் நிமிராமலே.

"பரமசிவம்."

வெட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மூடியைப் பார்த்தால் 'பரமசிவன்' என்று இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை கேரியரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன்.

"நான் சிவம். இதுல சிவன்னு இருக்கு."

அப்போதுதான் நிமிர்ந்தாள். மூக்கில் உலோகத்தூள் மினுமினுவென்று ஒட்டியிருந்தது.

"சிவம்னாலும் சிவன்னாலும் சாமி ஒண்ணுதான? சோறு எறங்காதாக்கும்?"

சண்டை அத்தோடு முடிந்தது. என் கதையும் அத்தோடு முடிந்தது. அடுத்த வாரம் ஒரு டம்ளர் வாங்கினேன். அதற்கடுத்த வாரம் ஒரு கிண்ணம். பிறகு என்ன வாங்குவது என்று தெரியாமல் ஒரு கரண்டி வாங்கி, அதன் காம்பில் பெயர் வெட்டச் சொன்னேன். கரண்டியில் பெயர் வெட்டச் சொன்ன முதல் ஆள் நான்தான் என்று ஜெயக்கொடி பின்னால் சொன்னாள். அதுதான் அவள் பெயர்.

அந்தக் கரண்டியை மஞ்சள் பையில் போட்டுக் கொடுக்கும்போது, அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்: "அடுத்த தடவை வாரதுக்கு முந்தி ஸ்டாக் இருக்கான்னு போன் பண்ணிக் கேட்டுக்கிருங்க. பையிலயே நம்பர் இருக்கு."

செல்லையா தலையாட்டினார். மகள் வியாபாரம் தெரிந்தவள் என்ற பெருமை அவருக்கு.

அண்டா இருக்கு

குமுளியில் நான் தங்கியிருந்தது ஓமனா சேச்சி வீட்டு மாடியில். கீழே சேச்சியின் எஸ்.டி.டி. பூத். சேச்சி பாலா என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து குமுளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் பேசவே மாட்டார். காலையில் "சாயா" என்பார், மதியம் "ஊணு" என்பார், அத்தோடு சரி. அதனாலோ என்னவோ, மற்றவர்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் சேச்சிக்கு ஓர் ஆனந்தம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் பூத்துக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்வேன். அதே நேரத்துக்குத் தேனியில் செல்லையா சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திவிட்டு, எதிர் டீக்கடைக்குப் போய் உலக நியாயம் பேசுவார். அந்த இடைவெளியில்தான் எங்கள் பேச்சு.

சில நாள் மழை வரும், செல்லையா கடையைவிட்டு நகர மாட்டார். அதற்காக ஜெயக்கொடி ஒரு பாஷை வைத்திருந்தாள். போனை எடுத்ததும் "அண்டா இருக்கு" என்றால் அப்பா பக்கத்தில் இருக்கிறார். "அண்டா வெளிய போயிருக்கு" என்றால் தாராளமாகப் பேசலாம்.

அண்டா இருக்கிற நாட்களில் அவள் பித்தளைக் குடத்தின் விலையையும் எடையையும் சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் இந்தப் பக்கம் "நேத்து உன்னைக் கனவுல பாத்தேன்" என்பேன். அவள் "அது வாய் அகலமான குடம்ங்க, ரெண்டு சைஸ்ல வரும்" என்பாள். பின்னாலிருந்து செல்லையாவின் குரல் கேட்கும்.

"யாரு ஆத்தா?"

"குமுளி பார்ட்டிப்பா. பித்தளைக் குடம் கேக்குறாக."

"மொத்தமா வேணுமாமா?"

"யோசிச்சுச் சொல்றேங்குறாகப்பா."

இப்படியே ஒரு மழைக்காலம் போனது. கல்யாணம் என்று வந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான். செல்லையாவின் தங்கை ஒருவர் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனவர். அன்றிலிருந்து "பேசிப் பழகி வர்ற சம்பந்தம் இந்தப் படி ஏறக்கூடாது" என்று சொல்லிவந்தார் செல்லையா. என் மகள் ஓர் ஆம்பளையை நிமிர்ந்து பார்த்ததில்லை என்று வேறு ஊரெல்லாம் பெருமை. குனிந்து பெயர் வெட்டுகிறவளுக்கு நிமிர ஏது நேரம்?

ஆகவே என் சித்தப்பா தற்செயலாகத் தோசைக்கல் வாங்கப் போவதுபோல் போனார். தற்செயலாக என்னைப் பற்றிப் பேச்செடுத்தார். ஜாதகம் பொருந்தியது. பூ வைத்தோம். வைகாசியில் கல்யாணம், மண்டபத்துக்கும் சொல்லியாயிற்று. செல்லையா பார்த்து முடித்த சம்பந்தமாகவே எல்லாம் நடந்தது. அப்புறம்தான் தாம்பாளம் திரும்பி வந்தது.

இருக்கிறதை வச்சுப் புழங்குங்க

தாம்பாளம் வந்த அன்று சாயங்காலமே குமுளிக்குப் போய்ப் பூத்துக்குள் நுழைந்தேன். ஜெயக்கொடிதான் எடுத்தாள்.

"நான்தான். என்ன ஆச்சு?"

"நீங்க கேக்குறது எங்க கடையில இல்லைங்க."

"அண்டா இருக்கா?"

"அண்டா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அதான் உங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்காம்ல. இருக்கிறதை வச்சுப் புழங்குங்க."

டொக் என்று வைத்துவிட்டாள்.

அதுதான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு. வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதாம். என்ன இருக்கிறது? மாடி அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு டிபன் கேரியர், ஒரு டம்ளர், ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. எல்லாம் அவள் கையால் பெயர் வெட்டியவை. வேறு எதுவும் இல்லை.

கம்பெனியில் ஏதாவது பேச்சு வந்ததா என்று கேட்டேன். வரவில்லை. சித்தப்பா ஏதும் உளறினாரா? அவர் தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு சாமி மேல் சத்தியம் செய்தார். ஓமனா சேச்சியிடம், யாராவது என்னைப் பற்றித் தப்பாகச் சொன்னார்களா என்று கேட்டேன். "எந்தா சிவா, போன் விளிக்குந்நில்லே?" போன் பேசுவதில்லையா என்று அவர்தான் என்னைக் கேட்டார். பூத்தில் என் நேரம் காலியாகக் கிடந்தது சேச்சிக்கே பிடிக்கவில்லை.

இதற்கிடையில் அம்மா காதுக்கு ஒரு செய்தி வந்தது. போடியிலிருந்து ஜெயக்கொடிக்கு வேறு சம்பந்தம் வந்திருக்கிறதாம். அதே வைகாசி, அதே மண்டபம். "மாப்பிள்ளையை மாத்தலாம், மண்டபத்தை மாத்த முடியாதுல்ல?" என்று செல்லையா டீக்கடையில் சொன்னாராம். அன்று நான் சாப்பிடவில்லை. கேரியர் மூடியில் இருந்த 'பரமசிவன்' என்ற தப்பான பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், இதில் என்ன வெட்கம்?

ராட்டினத்துக்குக் கீழே

வீரபாண்டித் திருவிழா வந்தது. கௌமாரியம்மன் கோயிலுக்கு அவர்கள் குடும்பம் வருஷம் தவறாமல் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் ஜெயக்கொடியின் தாய்மாமன் சுருளி தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். சுருளி மாமாவை நான் பூ வைத்த அன்று பார்த்திருக்கிறேன். பெரிய மீசை. வருஷா வருஷம் சபரிமலைக்குப் போகிறவர், ஆகவே தனக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு என்று பந்தியில் உட்கார்ந்து சொன்னவர்.

ஆற்றங்கரையிலிருந்து கூட்டம் ஊர்ந்து வந்தது. வேப்பிலை வாசம், புகை, கொட்டுச் சத்தம். சுருளி மாமா மஞ்சள் வேட்டியோடு இரண்டு கையிலும் தீச்சட்டி ஏந்தி முன்னால் போக, குடும்பம் பின்னால் போனது. கடைசியில் பொரிப் பொட்டலத்தோடு வந்த ஜெயக்கொடியை ராட்டினத்துக்குக் கீழே மறித்தேன்.

"வழி விடுங்க."

"எதுக்குத் தாம்பாளத்தை அனுப்புனீக? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

அவள் கண் கலங்கிச் சிவந்திருந்தது. புகையால் என்று அப்போது நினைத்தேன்.

"எந்த ஊரு அவ?"

"எவ?"

"உங்க சம்சாரம்."

"எனக்கேது சம்சாரம்? அது வேணும்னுதான உங்க வீட்டுக்குத் தாம்பாளம் தூக்கிட்டு வந்தேன்?"

"நடிக்காதீங்க. மாமா குமுளிக்கே போய் விசாரிச்சிட்டு வந்துட்டாக."

கதை இப்போதுதான் வெளியே வந்தது. பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை இருக்கிற ஊருக்குப் போய் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வேலை. பூ வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது. சுருளி மாமாவுக்கு அப்போது காலில் ஆணி. செருப்புப் போட முடியவில்லை என்று தள்ளிப்போட்டு, பூ வைத்த பிறகு போயிருக்கிறார். நான் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம். பூத்தில் இருந்த ஓமனா சேச்சியிடம், தமிழில் கேட்காமல், தன் சபரிமலை மலையாளத்தில் கேட்டிருக்கிறார். சேச்சிக்குத் தமிழ் நன்றாகவே வரும். வந்தவர் மலையாளம் பேசுகிறாரே என்ற மகிழ்ச்சியில் அவரும் மலையாளத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார்.

"அந்தம்மா என்ன சொன்னாக? சொன்னபடி சொல்லு."

ஜெயக்கொடிக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது. மாமா அத்தனை தடவை வீட்டில் சொல்லிக் காட்டியிருக்கிறார். "'நல்ல பையனாணு. வைகுன்னேரம் ஆயால் தேனியில் ஒரு சம்சாரம் உண்டு, அத்ரேயுள்ளு.' சாயங்காலம் ஆனா உங்களுக்குத் தேனியில ஒரு சம்சாரம் இருக்காம். அம்புட்டுத்தானாம்! என்னமோ வீட்ல பூனை இருக்குங்கிற மாதிரி அந்தம்மா சொன்னாகளாம்."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. ராட்டினக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

"சிரிப்பா வருது? மாமா தேனியில இருக்க பூத்தெல்லாம் ஏறி எறங்குறாக, குமுளியில இருந்து எவளுக்குப் போன் வருதுன்னு. கால் வலிச்சா எங்க கடையில வந்து போனுக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கிறாக. நானும் பேர் வெட்ட வர்ற பொம்பளைககிட்ட எல்லாம் வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டுக் கேட்டு..."

"ஜெயா, மலையாளத்துல சம்சாரம்னா பேச்சு. சாயங்காலம் ஆனா தேனிக்குப் பேசுவேன், அதைத்தான் சொல்லியிருக்காக. நான் தேனியில யார்கூடப் பேசுறேன்?"

அவள் என்னையே பார்த்தாள். கையிலிருந்த பொரி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொட்டியது.

"அப்ப அந்தத் தேனிச் சம்சாரம்..."

"நீதான்."

அந்த முகத்தில் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அதே வேகத்தில் அது போனதையும் பார்த்தேன்.

"இதை எங்கப்பாட்ட எப்படிச் சொல்ல?" என்றாள். "சம்சாரம்னா பேச்சுன்னு சொல்லலாம். யார்கூடப் பேச்சுன்னு அடுத்த கேள்வி வருமே?"

அது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. என்மேல் விழுந்த பழியைத் துடைத்தால் எங்கள் பேச்சு வெளியே வரும். பேசிப் பழகிய சம்பந்தம் என்று தெரிந்த நிமிஷமே செல்லையா கதவைச் சாத்துவார். துடைக்காவிட்டால் போடி மாப்பிள்ளை.

"ஆபீஸ்னு சொல்லிருங்க. ஆபீஸ் தேனியிலதான இருக்கு? தெனமும் ஆபீஸுக்குப் பேசுனேன்னு சொல்லுங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து சுருளி மாமா எங்களைப் பார்த்துவிட்டார். மீசை துடித்தது. ஆனால் இரண்டு கையிலும் தீச்சட்டி. நேர்த்திக்கடனில் நிற்கிறவர் திரும்பவும் முடியாது, திட்டவும் முடியாது. கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டே கூட்டத்தோடு நகர்ந்து போனார்.

ஓமனா சேச்சி குடையை எடுத்தார்

மறுநாள் குமுளியில் சேச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். "என்டெ மாதாவே!" என்று நெஞ்சில் கை வைத்தார். நல்ல வார்த்தை சொல்கிறோம் என்று நினைத்து ஒரு கல்யாணத்தையே நிறுத்திவிட்டோமே என்ற அதிர்ச்சி. அடுத்த பஸ்ஸுக்கே பூத்தைப் பூட்டினார். குடையை எடுத்துக்கொண்டார். கம்பம் தாண்டும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னமனூர் தாண்டியதும் சொன்னார்: "இன்னிக்கு நான் தமிழ்லதான் பேசுவேன்."

கடைக்குள் நாங்கள் நுழைந்தபோது செல்லையா கல்லாவில் இருந்தார். பக்கத்தில் போனுக்கு அருகே, காலை நீட்டியபடி சுருளி மாமா. உள்ளே ஸ்டூலில் ஜெயக்கொடி குனிந்து பெயர் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இவுகதான் மச்சான் அந்தம்மா!" சுருளி மாமா எழுந்தார். "நல்லாக் கேளுங்க!"

"கேக்க வேண்டாம், நானே சொல்றேன்" என்றார் சேச்சி. "சம்சாரம்னா எங்க ஊர்ல பேச்சு. பெண்டாட்டி இல்ல. வாயில இருந்து வருமே, அது. இந்தப் பையன் சாயங்காலம் போன்ல பேசுவான்னு சொன்னேன். நீங்க அவனுக்குக் கல்யாணமே பண்ணி வச்சுட்டீங்க."

பெயர் வெட்டும் மெஷின் மட்டும் ட்ர்ர்ர் என்று ஓடியது.

"ஏலே சுருளி," செல்லையா மெதுவாகத் திரும்பினார். "உனக்கு மலையாளம் தெரியும்னயே?"

"வெள்ளம்னா தண்ணி தெரியும் மச்சான். சாயான்னா டீ தெரியும். ஊணுன்னா சோறு தெரியும். சம்சாரம்னா பேச்சுன்னு மலையில ஒருத்தரும் சொல்லலியே. அங்கன எல்லாரும் சரணம் மட்டுந்தான சொல்றாக?"

செல்லையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"சரி, பேச்சுன்னே வச்சுக்குவோம். தேனியில யார்கூடப் பேச்சு?"

ஆபீஸ் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சேச்சி குடைக்கம்பியை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

மெஷின் நின்றது.

"என்கூடத்தான்ப்பா."

ஜெயக்கொடி எழுந்து நின்றாள். மூக்கில் அதே உலோகத்தூள்.

"ஆபீஸ்னு சொல்லச் சொல்லி நான்தான் சொல்லி வச்சேன். சொன்னா மாமா மறுபடி ஆபீஸுக்கு விசாரிக்கப் போவாக. அங்கன போய் என்ன கேட்டுட்டு வருவாகளோ? வேணாம்ப்பா. எனக்கு இவுகளைப் பிடிச்சிருக்கு. பேசிப் பாத்துத்தான் பிடிச்சது."

செல்லையா போனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். முகத்தில் கோபம் ஏறுவது தெரிந்தது. ஆனால் ஏறிய கோபம் பாதியிலேயே ஏதோ யோசனையில் நின்றுவிட்டது.

"அப்ப அந்தக் குமுளி பார்ட்டி?"

ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பித்தளைக் குடம் கேட்ட பார்ட்டி ஆத்தா! என்னைக்கு இருந்தாலும் மொத்தமா எடுப்பாகன்னு வரவழைச்சு மாடி நெறைய அடுக்கி வச்சிருக்கேனே!"

முதலில் சிரித்தது ஓமனா சேச்சி. குடையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சுருளி மாமா சிரிக்கலாமா கூடாதா என்று மச்சான் முகத்தைப் பார்த்தார். செல்லையா என் பக்கம் திரும்பினார்.

"தெனமும் அம்புட்டு நேரம் என்னதான்யா பேசுனீக?"

"பாதி நாள் குடத்து வெலைதாங்க. நீங்க பக்கத்துல இருந்தீகள்ல."

"மீதி நாள்?"

"என்ன சாப்பிட்ட, மழை பெஞ்சுச்சா, இன்னைக்கு யார் பேரு வெட்டுன... இதுதாங்க."

அவர் கல்லாப் பெட்டியின் மேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அவ அம்மாகிட்ட நான் இதெல்லாம் கேட்டதே இல்ல."

அப்படிச் சொல்லும்போது அவர் முகம் நான் அதுவரை பார்த்த முகமாக இல்லை. பாவமாக இருந்தது எனக்கு.

"சுருளி, அம்புட்டுக் குடத்தையும் இனி யாருலே எடுப்பா?"

சுருளி மாமாவுக்கு விமோசனம் கிடைத்த மாதிரி இருந்தது. "வேற யாரு மச்சான்? கேட்ட பார்ட்டிதான். மாப்பிள்ளைதான் எடுக்கணும்!"

மாப்பிள்ளை என்ற சொல்லை செல்லையா திருத்தவில்லை. உள்ளே பார்த்து, "ஆத்தா, எல்லாருக்கும் டீ சொல்லு" என்றார்.

குடத்தோடு போன கூட்டம்

வைகாசியில் அதே மண்டபத்தில் கல்யாணம். தாம்பூலப் பை கிடையாது. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பித்தளைக் குடம். எல்லாவற்றிலும் எங்கள் பெயரைக் கல்யாணப் பெண்ணே உட்கார்ந்து வெட்டினாள். என் பெயரில் இந்தத் தடவை 'ம்' சரியாக இருந்தது. எங்கள் பக்கத்துச் சனம் குடமும் கையுமாக உத்தமபாளையம் பஸ்ஸில் ஏறியபோது, கண்டக்டர் பதறிப்போய், "எந்த ஊர்லய்யா தண்ணி வரல?" என்று கேட்டார்.

நான் மலைமேல் இருக்கும் நாட்களில் ஜெயக்கொடி வழக்கம்போல் கடைக்கு வருவது என்று முடிவாகியிருந்தது. கல்யாணம் முடிந்து முதல் முறை குமுளிக்குப் போன அன்று, மதியம் கேரியரைத் திறந்தேன். மூடியில் 'பரமசிவன்' என்ற தப்பான பெயருக்குக் கீழே புதிதாக இரண்டு சொற்கள் வெட்டியிருந்தன: சம்சாரம் உண்டு.

சேச்சிக்குத் தமிழ் படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளே, சாயா குடித்துக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"கல்யாணம் கழிஞ்ஞும் சம்சாரம் உண்டோ? அது பாக்கியமாணு, சிவா" என்றார். கல்யாணத்துக்கு அப்புறமும் பேச்சு இருந்தால் அது பாக்கியம்தான்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பூத்துக்குள் போனேன். மனைவியிடம் பேசப் போகிறவனுக்கு எதற்கு இந்தப் படபடப்பு என்று எனக்கே சிரிப்பு வந்தது. மணி அடித்தது. எடுத்தது ஜெயக்கொடி இல்லை, என் மாமனார்.

"யாரு, குமுளி பார்ட்டியா?"

"ஆமா மாமா."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"இருங்க, புள்ளைட்ட கொடுக்குறேன். நிதானமாப் பேசுங்க மாப்ளே. அண்டா டீ குடிக்கப் போகுது."